பழைய கம்ப்யூட்டரைத் தூக்கிப் போடுவதற்கு முன், மண்டபத்தை ஒரு சனிக்கிழமை திறந்துவிடுங்கள்

தென்னாப்பிரிக்காவில் டர்பன் வட்டாரத்துச் சாட்ஸ்வர்த், ஃபீனிக்ஸ், மெரிபேங்க், வெருலம், டோங்காட் பகுதிகளின் தமிழ்க் கோயில் குழுக்களுக்கும், தமிழ் வகுப்பு நடத்தும் சங்கங்களுக்கும்,

வணக்கம்.

நான் சாட்ஸ்வர்த்தில் சனிக்கிழமைதோறும் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்கிறவன். மற்ற நாட்களில் கம்ப்யூட்டர் பழுது பார்ப்பது என் பிழைப்பு. பதினைந்து வருஷமாக இந்த இரண்டும் தனித்தனியாகவே நடந்துகொண்டிருந்தன. 2025 அக்டோபரில் விண்டோஸ் 10க்கு ஆதரவு முடிந்த பிறகு அப்படி இல்லை. வகுப்பு முடிந்து பிள்ளைகளைக் கூட்டிப்போக வரும் பெற்றோரும் தாத்தா பாட்டிமாரும் என்னை வாசலில் நிறுத்திக் கேட்கிறார்கள்: "வீட்டுக் கம்ப்யூட்டருக்கு ஆயுள் முடிந்துவிட்டதாமே, போட்டுவிடலாமா?"

கொஞ்ச நாளைக்கு முன் ஒரு கோயில் குழு, நல்ல எண்ணத்தோடுதான், பழைய கம்ப்யூட்டர்களைக் கொண்டுவந்து கொடுங்கள், மறுசுழற்சிக்கு அனுப்பிவைக்கிறோம் என்று பூஜை முடிவில் அறிவித்தது. அடுத்த வாரம் மண்டபத்துக்குப் பின்னால் பெட்டிகள் அடுக்கிக் கிடந்ததை நான் போய்ப் பார்த்தேன். ஒவ்வொன்றாகத் திறந்தும் பார்த்தேன். பாதிக்கு மேல் இன்னும் பல வருஷம் உழைக்கக்கூடியவை. சிலவற்றில் ஹார்ட் டிஸ்க்கைக்கூடக் கழற்றாமல் அப்படியே கொடுத்திருந்தார்கள். கல்யாணப் படங்கள், வரிக் கணக்கு, பிள்ளைகளின் சான்றிதழ் எல்லாம் உள்ளேயே இருந்தன. அன்று இரவே இந்த மடலை எழுத வேண்டும் என்று தோன்றியது.

கேட்பதை முதலிலேயே கேட்டுவிடுகிறேன். உங்கள் மண்டபத்தை ஒரு சனிக்கிழமை, காலையிலிருந்து சாயங்காலம் வரை, எங்களுக்குக் கொடுங்கள். குடும்பங்கள் தங்கள் பழைய கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு வரட்டும். தெரிந்தவர்கள் நாலைந்து பேர் சேர்ந்து அதை ஓட்டும் அடிப்படை மென்பொருளான இயங்குதளத்தை மேம்படுத்தி, அவர்கள் கையிலேயே திருப்பிக் கொடுத்து அனுப்புகிறோம். உங்களில் பலருக்குத் தமிழ் எழுத்தை வாசிக்கக் கொஞ்சம் நேரம் பிடிக்கும் என்பது எனக்குத் தெரியும். வாசிக்கிறவர்கள் குழுக் கூட்டத்தில் மற்றவர்களுக்கும் இதைச் சொல்லுங்கள்.

முதலில், நடந்தது என்ன என்பதைச் சரியாகப் புரிந்துகொள்வோம். நம் வீட்டுக் கம்ப்யூட்டர்களில் இருக்கும் விண்டோஸ் 10 என்ற இயங்குதளம் வெளிவந்தது 2015 ஜூலையில். 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு மைக்ரோசாஃப்ட் அதற்குக் கொடுத்துவந்த வழக்கமான ஆதரவை முடித்துக்கொண்டது. அதற்கு மறுநாள் எந்தக் கம்ப்யூட்டரும் நின்றுவிடவில்லை. நின்றது மாதாமாதம் வந்துகொண்டிருந்த பாதுகாப்புத் திருத்தங்கள். இயங்குதளத்தில் ஓட்டைகளை யாராவது கண்டுபிடித்துக்கொண்டே இருப்பார்கள். இதுவரை அவற்றை அடைக்க ஆள் இருந்தது. இனி, கூரையில் ஓடு உடைந்தால் மாற்ற ஆள் வராத வீடு மாதிரிதான் அது. வெயில் நாளில் ஒன்றும் தெரியாது. 2017 மே மாதத்தில் வன்னாக்ரை என்ற வைரஸ் உலகம் முழுவதும் பரவி, இங்கிலாந்தில் மருத்துவமனைகளையே முடக்கியது நினைவிருக்கலாம். அது நுழைந்த ஓட்டைக்கான திருத்தம் இரண்டு மாதத்துக்கு முன்பே, மார்ச்சிலேயே வந்திருந்தது. போடாதவர்கள் மாட்டிக்கொண்டார்கள். அதனால் "ஓடுகிறவரை ஓடட்டும்" என்று விட்டுவிடச் சொல்லி நான் யாருக்கும் ஆலோசனை சொல்ல மாட்டேன். அதிலும் வங்கிக் கணக்கையும் வருமான வரியையும் அதே இயந்திரத்தில் பார்க்கிறவர்களுக்கு.

சரி, அடுத்த படியான விண்டோஸ் 11க்கு ஏறிவிடலாமே என்றால், அங்கேதான் நம் வீட்டுக் கம்ப்யூட்டர்கள் பெரும்பாலும் நின்றுபோகின்றன. 4 ஜிபி ரேமும் 64 ஜிபி இடமும் பலரிடம் இருக்கிறது. அது மட்டும் போதாது. டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு வேண்டும். இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறைச் செயலி, அதாவது பிராசஸர், வேண்டும். அந்த வரிசை வந்ததே 2017இல்தான். 2012இல், 2014இல் கடன் வாங்கி வாங்கிய பெட்டிகள் நம் வீடுகளில் இருப்பவை. அவற்றைப் பார்த்து "இந்தக் கணினி தகுதி பெறவில்லை" என்று திரையில் வருகிறது. அந்த ஒரு வரியைத்தான் நம் ஜனங்கள் "செத்துப்போச்சு" என்று வாசிக்கிறார்கள்.

எங்கள் தெருவில் ஒரு அக்கா இருக்கிறார். அவர் கணவர் நம் கோயிலுக்காகப் பல வருஷம் தைப்பூசக் காவடிப் பாடல்களையும் தேவாரத்தையும் தமிழிலும், பக்கத்திலேயே ஆங்கில எழுத்திலும் தட்டச்சு செய்து அச்சிட்டுக் கொடுத்தவர். 2020இல் தவறிவிட்டார். அவருடைய டெஸ்க்டாப் அந்த அறையிலேயே, மேலே ஒரு துணி போர்த்தி, இருந்தது. பேரன் பள்ளி வேலைக்காக அதைத் திறந்தபோது அந்தச் செய்தி வந்திருக்கிறது. அக்கா அதை ஒரு கடைக்கு எடுத்துப்போனார். கடையில் இது முடிந்துவிட்டது, புது லேப்டாப் ஒன்பதாயிரம் ராண்டு ஆகும், பழையதை இலவசமாக நாங்களே எடுத்துக்கொள்கிறோம் என்று சொல்லியிருக்கிறார்கள். அக்கா ஓய்வூதியத்தில் வாழ்கிறவர். பெட்டியை விட்டுவிட்டு வர மனம் வராமல் திரும்பத் தூக்கிக்கொண்டு வந்தார். அந்த ஒரு தயக்கம்தான் எல்லாவற்றையும் காப்பாற்றியது.

நான் திறந்து பார்த்தேன். இரண்டாம் தலைமுறை இன்டெல், 4 ஜிபி ரேம், சுழலும் பழைய ஹார்ட் டிஸ்க். உள்ளே பஞ்சு மாதிரி தூசி. போட்டதும் திரையில் தேதி 2011 என்று காட்டியது; எந்த வங்கிப் பக்கமும் திறக்கவில்லை. இதைப் பார்த்துப் பலர் பயந்துவிடுகிறார்கள். தாய்ப்பலகையில், அதாவது மதர்போர்டில், காசு அளவில் ஒரு பேட்டரி இருக்கும், சிஆர் 2032 என்பார்கள், அது தீர்ந்தால் கடிகாரம் பின்னால் போய்விடும். தேதி தப்பாக இருந்தால் பாதுகாப்பான இணையப் பக்கங்களின் சான்றிதழ்கள் செல்லாமல் போகும். சூப்பர் மார்க்கெட்டில் சாவி ரிமோட்டுக்கு வாங்குகிற அதே பேட்டரிதான். மாற்றியதும் சரியாகிவிட்டது. அப்புறம் ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவிட்டு சுழலும் பாகம் இல்லாத வேகமான சேமிப்பகமான 240 ஜிபி எஸ்எஸ்டி ஒன்றும், கூட 4 ஜிபி ரேமும் போட்டேன். பழைய கம்ப்யூட்டருக்குச் செய்யக்கூடிய ஒரே ஒரு காரியம் என்ன என்று யாராவது கேட்டால் நான் எஸ்எஸ்டி என்றுதான் சொல்வேன். செயலி மெதுவாக இருக்கிறது என்று நாம் நினைக்கிற பாதி நேரம், அந்தச் செயலி ஹார்ட் டிஸ்க்குக்காகக் காத்துக்கொண்டிருக்கிறது. நாலு நிமிஷம் எடுத்துத் திறந்த இயந்திரம் அரை நிமிஷத்துக்குள் திறந்தது. மொத்தச் செலவு புது லேப்டாப் விலையில் பத்தில் ஒரு பங்குக்குச் சற்று மேல்.

இயங்குதளமாக லினக்ஸ் மின்ட் போட்டுக் கொடுத்தேன். எக்ஸ்எஃப்சிஇ என்ற எளிய முகப்பு உள்ள பதிப்பு. 22ஆம் பதிப்பு வரிசைக்கு 2029 வரை பாதுகாப்புத் திருத்தங்கள் உண்டு. காசு இல்லை, உரிமச் சாவி இல்லை. கீழே மெனு, மேசைமேல் கோப்புறைகள், வலது மூலையில் கடிகாரம் என்று விண்டோஸ் பழகிய கண்ணுக்கு அன்னியமாகத் தெரியாது. லிப்ரெஆபிஸில் பழைய வேர்ட் கோப்புகள் திறக்கும். வரித் துறையின் இ-ஃபைலிங் பிரவுசரிலேயே நடக்கும். பேரன் பள்ளி இறுதி வகுப்பான மெட்ரிக் முடித்துப் பல்கலைக்கழகத்துக்கு சிஏஓ என்ற பொது விண்ணப்ப அலுவலகம் வழியாக விண்ணப்பிப்பதும் அப்படியே. "போன் இருக்கிறதே, கம்ப்யூட்டர் எதற்கு?" என்று உங்கள் குழுவிலேயே யாராவது கேட்பார்கள். ஐந்து அங்குலத் திரையில் பத்துப் பக்கம் ஒப்படைப்பு எழுதிக்கொண்டிருக்கும் பிள்ளையைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவர்கள் அப்படிக் கேட்க மாட்டார்கள்.

இனி நான் உங்களுக்கு முக்கியமாகச் சொல்ல வந்தது. எல்லாம் நல்லபடியாக முடிந்து, அக்காவின் முன்னால் அவர் கணவரின் கோப்பு ஒன்றைத் திறந்தேன். ஆங்கில எழுத்துகளும் புள்ளிகளும் அடைப்புகளுமாகக் குப்பை மாதிரி ஏதோ வந்தது. அக்காவின் முகம் வாடிவிட்டது. நான் அழித்துவிட்டேன் என்றே நினைத்தார்.

அழியவில்லை. அவர் கணவர் தட்டச்சு செய்தது பாமினி எழுத்துருவில். ஒருங்குறி, அதாவது யூனிகோடு, பரவலாவதற்கு முன் வந்த எழுத்துருக்கள் எல்லாம் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களைப் போட்டுக் காட்டியவை. பாமினியில் "அம்மா" என்று திரையில் தெரியும். கம்ப்யூட்டர் தன் நினைவில் வைத்திருப்பதோ எம், கே, ஒரு அரைப்புள்ளி, மறுபடியும் கே, எச். எழுத்துரு இருக்கிறவரை அது அம்மா. எழுத்துரு இல்லாவிட்டால் வெறும் கிறுக்கல். பழையதை அழித்துவிட்டுப் புது இயங்குதளம் போடும்போது பழைய எழுத்துருக் கோப்புகள் போய்விடும். அது விண்டோஸ் 11 ஆனாலும் சரி, லினக்ஸ் ஆனாலும் சரி, கடையில் வாங்கிய புத்தம் புது லேப்டாப் ஆனாலும் சரி, இதேதான் நடக்கும்.

பழைய ஹார்ட் டிஸ்க்கை நான் பத்திரமாக வைத்திருந்தேன். விண்டோஸ் கோப்புறைக்குள் எழுத்துருக்களுக்கென்று ஒரு கோப்புறை உண்டு. அதிலிருந்து பாமினியை எடுத்துப் புதியதில் போட்டதும் "தோடுடைய செவியன்" வரி வரியாக வந்தது. அக்கா அதை வாய்விட்டுப் படித்தார். அதன் பிறகு இரண்டு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து எல்லாவற்றையும் ஒருங்குறிக்கு மாற்றினோம். இதற்கென்றே மாற்றிகள் இருக்கின்றன. விண்டோஸில் என்எச்எம் கன்வெர்ட்டர் நன்றாக வேலை செய்யும், பாமினி, டாப், டாம், திஸ்கி என்ற பழைய எழுத்துமுறைகள் எல்லாம் அதற்குத் தெரியும். மாற்றிய பிறகு கண்ணால் ஒருமுறை சரிபார்க்க வேண்டும். ஆங்கிலமும் தமிழும் ஒரே வரியில் கலந்திருந்தால் மாற்றி ஆங்கிலச் சொற்களையும் தமிழாக்கிக் குழப்பிவிடும். ரோமன் எழுத்தில் உச்சரிப்பு எழுதுவது நம் நாட்டுப் பழக்கம் என்பதால் நம் கோப்புகளில் இது நிறையவே வரும்.

குழுவினரே, உங்கள் கோயில் அலுவலகத்திலும் இப்படிப்பட்ட ஒரு கம்ப்யூட்டர் இருக்கிறது என்று எனக்கு ஏறக்குறைய நிச்சயமாகத் தெரியும். திருவிழா அழைப்பிதழ்கள், மாரியம்மன் தாலாட்டு, தீமிதி நாளின் நிகழ்ச்சி நிரல், பழைய வகுப்புப் பாடங்கள். தட்டச்சு செய்தவர்களில் பலர் இன்று இல்லை. எந்த எழுத்துருவில் செய்தார்கள் என்று கேட்க ஆள் இல்லை. வீடுகளிலும் அப்படித்தான். அந்த அக்காவின் கம்ப்யூட்டரில் பாடல்களோடு கூட, 1860க்கும் 1911க்கும் இடையில் இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளாக இங்கே கரும்புத் தோட்டத்துக்கு வந்தவர்களின் கப்பல் பட்டியலிலிருந்து அவர் கொள்ளுத்தாத்தாவின் பக்கம் ஸ்கேன் செய்து வைக்கப்பட்டிருந்தது. ஒப்பந்த எண், ஊர், அப்பா பெயர். வேலூர்ப் பக்கம் ஒரு கிராமம். கடைக்காரர் இலவசமாக எடுத்துக்கொள்கிறேன் என்று சொன்ன பெட்டியில் இருந்தது அது.

அதனால் மண்டபத்தில் நாம் செய்யும் முதல் வேலை மேம்படுத்தல் ஆகாது. பேக்கப். இரண்டு பிரதி, இரண்டு வேறு இடத்தில். எடுத்துவிட்டோம் என்று சொல்வதோடு நிற்காமல், இன்னொரு கம்ப்யூட்டரில் திறந்து பார்த்துவிட்டுத்தான் அடுத்த அடி. இதில் நான் கண்டிப்பாக இருப்பேன், காரணம் சொல்கிறேன். 2023இல், நாடு முழுக்க அட்டவணை போட்டு நடந்த மின்வெட்டு ஆறாம் கட்டத்தில் இருந்த நாட்களில், என் வீட்டு டெஸ்க்டாப்பை மேம்படுத்த உட்கார்ந்தேன். அட்டவணையைப் பார்த்துத்தான் ஆரம்பித்தேன். அன்று அட்டவணைக்கு வெளியே மின்சாரம் போனது. மறுபடி வந்தபோது ஹார்ட் டிஸ்க் கட்கட் என்று சத்தம் போட்டது, பிறகு எழவே இல்லை. மகளின் இரண்டு வருஷப் படங்கள் போயின. அவள் ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் இன்றைக்கும் அந்த இரண்டு வருஷத்தைப் பற்றிப் பேச்சு வந்தால் எனக்கு நெஞ்சு அடைக்கிறது. மின்வெட்டு இப்போது குறைந்திருக்கிறது, உண்மைதான். கேபிள் திருட்டு குறையவில்லை. மண்டபத்தில் இன்வெர்ட்டர் உள்ள குழுக்கள் அதை அன்றைக்கு ஒதுக்கித் தந்தால் பெரிய உதவி.

எல்லோருக்கும் லினக்ஸ்தான் மருந்து என்று நான் பிடிவாதம் பிடிக்கவில்லை. விண்டோஸ் 11 ஏற்கும் இயந்திரமாக இருந்தால் அதற்கே ஏறட்டும், அது இலவசம். சிலவற்றில் டிபிஎம் இருந்தும், கம்ப்யூட்டர் எழும்போது முதலில் ஓடும் பயாஸ் அமைப்பில் அதை அணைத்து வைத்திருப்பார்கள், இயக்கினால் போதும். அப்படிப் பயாஸில் கை வைப்பதற்கு முன் டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் பிட்லாக்கர் போட்டிருக்கிறதா என்று பார்த்து, அதன் 48 இலக்க மீட்புச் சாவியை ஒரு தாளில் எழுதிக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் சொந்த வீட்டுக்கே சாவி இல்லாமல் நிற்க நேரும். கணக்கு மென்பொருள் பாஸ்டல் போன்றவற்றைக் கம்ப்யூட்டரில் நிறுவி வைத்திருக்கும் கடைக்காரர்களும் கோயில் பொருளாளர்களும் விண்டோஸிலேயே இருப்பதுதான் நல்லது. சொந்தக் கம்ப்யூட்டரில் விண்டோஸ் 10இலேயே இருக்க வேண்டியவர்களுக்கு ஒரு வழி இருக்கிறது: 2026 அக்டோபர் 13 வரை நீட்டித்த பாதுகாப்புத் திருத்தங்கள். மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து கணினியின் அமைப்புகளை அதில் சேமிக்கச் சம்மதித்தால் கட்டணம் இல்லை. அமைப்புகளைச் சேமிக்க வேண்டாமென்றால் ஒருமுறை 30 டாலர். அமைப்புகளில் விண்டோஸ் அப்டேட் பக்கத்திலேயே பதிவு செய்யும் இணைப்பு வரும். பத்து நிமிஷ வேலை. இது இருப்பதே தெரியாமல் எத்தனையோ பேர் திறந்த கூரையின் கீழ் உட்கார்ந்திருக்கிறார்கள். மின்னஞ்சல் பாஸ்வேர்டு மறந்துபோன பாட்டிக்கு அந்தப் பத்து நிமிஷ வேலையைத் தனியாகச் செய்ய முடியாது. பக்கத்தில் ஒரு ஆள் வேண்டும். மண்டபம் கேட்பது அதற்காகவும்தான்.

நாம் லினக்ஸ் பயன்படுத்தினால் வெள்ளைக்காரன் ஊர்ச் சமாச்சாரம் எதையோ கொண்டுவந்து இறக்குகிறோம் என்று யாரும் நினைக்க வேண்டாம். லினக்ஸ் மின்ட் உபுண்டு என்ற இன்னொரு இயங்குதளத்தின் மேல் கட்டப்பட்டது. உபுண்டுவைத் தொடங்கியவர் மார்க் ஷட்டில்வொர்த், ஃப்ரீ ஸ்டேட்டில் வெல்கம் நகரில் பிறந்தவர், கேப் டவுனில் படித்தவர். 2002இல் விண்வெளிக்குப் போய் வந்தாரே, அவரேதான். 2004 அக்டோபரில் முதல் பதிப்பு வந்தது. பெயரை எங்கிருந்து எடுத்தார் என்பது டர்பனில் இருக்கிற நமக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. பஸ்ஸிலும் சந்தையிலும் நம் ஸூலு அண்டை வீட்டார் வாயில் கேட்கிற, மனிதத்தன்மை என்று பொருள்படும் சொல் அது. அவர்கள் பழமொழியே உண்டு: உமுண்டு ங்குமுண்டு ங்கபண்டு, மனிதன் மற்ற மனிதர்களால்தான் மனிதன். ஆரம்ப வருஷங்களில் கேட்டவர்களுக்கெல்லாம் உபுண்டு குறுந்தட்டை உலகம் முழுக்கத் தபாலில் இலவசமாக அனுப்பினார்கள். இணையம் விலை அதிகமாக இருந்த அந்தக் காலத்தில், அவர் அறக்கட்டளை ஃப்ரீடம் டோஸ்டர் என்ற இயந்திரங்களை இந்த நாட்டில் பல இடங்களில் நிறுத்தியது. வெற்றுக் குறுந்தட்டைக் கொண்டுபோய் நுழைத்தால் லினக்ஸை எழுதித் தரும். டேட்டா இன்றைக்கும் நம் ஜனங்களுக்கு மலிவு இல்லை. மின்ட் ஒன்றை இறக்க ஏறக்குறைய 3 ஜிபி ஆகும். அதனால் நான் ஒரே முறை இறக்கி, பத்துப் பென் டிரைவில் எழுதிக் கொண்டுவருகிறேன். யாருக்கும் டேட்டா செலவு வராது.

பென் டிரைவில் இன்னொரு நன்மை, கம்ப்யூட்டரில் எதையும் மாற்றாமலே அதிலிருந்து ஓட்டிப் பார்க்கலாம். வைஃபை பிடிக்கிறதா, ஒலி வருகிறதா, வீட்டிலிருந்து தூக்கி வந்த பிரிண்டர் அச்சடிக்கிறதா என்று அரை மணி நேரம் பார்த்து, பிடித்தால் மட்டும் நிறுவலாம். பிடிக்காவிட்டால் பென் டிரைவைப் பிடுங்கிவிட்டு மறுபடி போட்டால் பழையபடியே இருக்கும். வயதானவர்களுக்கு இதை முதலில் காட்ட வேண்டும். அவர்கள் பயம் போவது அங்கேதான்.

தமிழ் வகுப்பு நடத்தும் சங்கங்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. இந்த நாட்டு அரசியல் சட்டத்தின் 6ஆம் பிரிவிலேயே, வளர்க்கவும் மதிக்கவும் வேண்டிய மொழிகளில் ஒன்றாகத் தமிழின் பெயர் எழுதப்பட்டிருக்கிறது. பிள்ளைகளின் வீட்டுக் கம்ப்யூட்டரில் அது இல்லை. அவர்கள் வகுப்பில் என்னிடம் "அ" எழுதுகிறார்கள். வீட்டுக்குப் போய்த் திரையில் ஒரு நாளும் அதைப் பார்ப்பதில்லை. புதுப்பிக்கும் ஒவ்வொரு கம்ப்யூட்டரிலும் தமிழ் 99 விசைப்பலகையை நாங்கள் சேர்த்துக் கொடுப்போம். 1999இல் சென்னையில் நடந்த மாநாட்டைத் தொடர்ந்து தமிழ்நாடு அரசு ஏற்றுக்கொண்ட அமைப்பு அது. லினக்ஸிலும் இருக்கிறது, இன்றைய விண்டோஸிலும் இருக்கிறது. இடது கைப்பக்கம் உயிர், வலது கைப்பக்கம் பெரும்பாலும் மெய். "க"வை இரண்டு முறை தட்டினால் முதலாவதற்குப் புள்ளி தானாக வைத்துக்கொள்ளும். இலக்கணத்தை விரலே கற்றுக்கொள்கிறது. என் வகுப்பில் இரண்டு பிள்ளைகளுக்கு இதைப் போட்டுக் கொடுத்தேன். ஒற்று எங்கே மிகும் என்று நான் கரும்பலகையில் வருஷக்கணக்காகச் சொல்லியும் பதியாதது, தட்டத் தட்ட அவர்களுக்குப் பதிய ஆரம்பித்திருக்கிறது. அதில் ஒரு பெண் போன வாரம் தன் பாட்டிக்குப் பிறந்தநாள் வாழ்த்து தமிழில் அடித்து அச்சிட்டுக் கொடுத்திருக்கிறாள். பாட்டி அதை சாமிப் படத்துக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறார்.

உண்மையிலேயே முடிந்துபோன இயந்திரங்களும் வரும். தாய்ப்பலகை எரிந்தவை, 32 பிட் செயலி உள்ளவை. அவற்றுக்கு இப்போது நல்ல இயங்குதளம் கிடைப்பது அரிது. 2021 ஆகஸ்டிலிருந்து மின்னணுக் கழிவைக் குப்பைக் கிடங்கில் கொட்டுவது இந்த நாட்டில் தடை. ஆகவே அவற்றைச் சேர்த்து முறையான மறுசுழற்சிக்கு அனுப்பும் உங்கள் ஏற்பாடு தேவையானதுதான், அதைக் கைவிட வேண்டாம். வரிசையை மட்டும் மாற்றிக் கேட்கிறேன்: முதலில் பார்ப்போம், கோப்புகளை எடுப்போம், ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி உரியவர் கையில் கொடுப்போம், அதன் பிறகு வெறும் பெட்டி போகட்டும். மண்டபத்துக்குப் பின்னால் இப்போது அடுக்கி வைத்திருப்பவற்றை வண்டி வருவதற்கு முன் எனக்கு ஒருமுறை காட்டுங்கள். ஹார்ட் டிஸ்க் உள்ளவற்றின் சொந்தக்காரர் யார் என்று உங்கள் பதிவேட்டில் இருக்கும்.

ஆடி மாதம் பிறந்தால் கூழ் ஊற்றும் வேலையில் எல்லா மண்டபங்களும் நிறைந்துவிடும். அதற்கு முன்பே வரும் குளிர்கால விடுமுறையின் முதல் சனிக்கிழமை வசதிப்படும். உயர்நிலைப் பள்ளிப் பிள்ளைகள் வீட்டில் இருப்பார்கள், திருகாணி கழற்றவும் தூசி துடைக்கவும் அவர்களே போதும். வகுப்பிலிருந்து ஏழெட்டுப் பேர் ஏற்கெனவே வருகிறேன் என்று சொல்லிவிட்டார்கள். எனக்கு வேண்டியது பன்னிரண்டு நீள மேசை, நல்ல நீட்டிப்புக் கம்பிகள், வைஃபை பாஸ்வேர்டு, அப்புறம் தேநீர் போட ஒரு மூலை. எஸ்எஸ்டி வேண்டும் என்கிற குடும்பங்கள் அடக்க விலையைக் கொடுத்தால் போதும், வேலைக்கு யாரும் காசு வாங்க மாட்டோம்.

அடுத்த குழுக் கூட்டத்தில் இதை எடுத்துப் பேசி, மண்டபச் சாவி அன்றைக்கு யாரிடம் இருக்கும் என்று எனக்குச் சொல்லி அனுப்புங்கள். காலை ஏழு மணிக்கே வந்து மேசைகளைப் போட்டுவிடுகிறோம்.

அன்புடன்,
சாட்ஸ்வர்த் சனிக்கிழமை வகுப்பு ஆசிரியர்